எந்த அரசன் நம் முன்னோன்?

நம் கல்விக் கழகம் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்து வெள்ளி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென அன்பர்கள் பணித்தனர். எதனை எழுதுவதென எண்ணிப் பார்த்தபோது, நம் இளைஞர் பலர் நெடுநாளாக எழுப்பி வரும் வினா ஒன்றே முன்வந்து நின்றது. "பல்லவர் எங்கள் குலம், சோழர் எங்கள் குலம் என்று பிறர் சுவரெங்கும் எழுதுகின்றனர். எந்த அரசன் நம் முன்னோன்?" என்பதே அவ்வினா.

இவ்வினாவை எவரும் எள்ளி நகையாட வேண்டா. தலைமுறை தலைமுறையாக இழிவைச் சுமந்த மக்கள், தம் குலத்திலும் ஒரு மணிமுடி இருந்திருக்க வேண்டுமென விழைவது இயல்பே. ஆயினும் விழைவு வேறு, வரலாறு வேறு. மாமல்லபுரக் கடற்கரையும் செங்கல்பட்டுக் குன்றுகளும் நம் வீட்டு வாயிலில் இருக்கின்றன. அங்குள்ள கல்வெட்டுகளையும் அரசர்களின் செப்பேடுகளையும் சான்றாகக் கொண்டே இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

குலமுறை எழுதப்பட்ட வகை

தொண்டை மண்டலத்தில் பன்னெடுங்காலம் ஆட்சி புரிந்தவர் பல்லவர். அவர்தம் தொடக்ககாலப் பட்டயங்கள் பிராகிருத மொழியிலும், பின்னவை வடமொழியிலும், அவற்றுக்கும் பின்னவை வடமொழியும் தமிழுமாகவும் அமைந்துள்ளன. அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

ஆனால் பட்டயம் எழுதிய புலவர்க்கோ ஐயம் சிறிதும் இல்லை. காசாக்குடிச் செப்பேடு பிரமனில் தொடங்கி, அங்கிரசு, பிரகசுபதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என இறங்கிப் பல்லவனிடம் வந்து சேர்கிறது. அமராவதித் தூண் கல்வெட்டு, அசுவத்தாமனுக்கும் மதனி என்னும் தேவமகளுக்கும் பிறந்த மகவு தளிர்ப் படுக்கையில் கிடந்ததால் பல்லவன் எனப் பெயர் பெற்றது என்று கூறுகிறது. வேலூர்ப்பாளையச் செப்பேடோ, வீரகூர்ச்சன் என்னும் முன்னோன் நாகர் தலைவனின் மகளை மணந்து அரசுரிமையையும் பெற்றான் என்கிறது. குலம் ஒன்று, கதைகளோ மூன்று. இவ்வாறே சோழர் தம்மைக் கதிரவன் வழியினர் என்றும், பாண்டியர் தம்மைத் திங்கள் வழியினர் என்றும் எழுதிக் கொண்டனர்.

இக்கதைகளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. படையால் வென்ற நிலம் படை உள்ளவரையில்தான் கையில் நிற்கும். அதனைப் பிறர் மறுக்கவியலாத உரிமையாக ஆக்க வேண்டுமாயின் குலப்பெருமை வேண்டும். அதனை எழுதித் தரவல்லவர் கற்றோர். அவர்க்கு அரசன் வரி நீக்கிய ஊர்களை வழங்கினான். அவ்வூர்க் கொடையைப் பதிந்த செப்பேட்டின் முகப்பிலேயே அரசனின் குலமுறையும் பொறிக்கப்பட்டது. கொடையும் குலமுறையும் ஒரே ஏட்டில் அமைந்திருப்பதை நம் இளைஞர் கருத்தில் கொள்ளுதல் நன்று.

அரசு நிறுவியோரின் உண்மை வரலாறு இக்கதைகளினும் சுவையானது. கன்னட நாட்டிலுள்ள தாளகுந்தாக் கல்வெட்டு மயூரசர்மன் என்பானின் வரலாற்றைக் கூறுகிறது. அவன் காஞ்சியிலிருந்த கடிகை என்னும் கல்விச்சாலைக்குப் படிக்க வந்த மாணவன். அங்குப் பல்லவர் குதிரைவீரன் ஒருவனோடு ஏற்பட்ட பூசலில் அவமதிப்புற்று, ஏட்டை விடுத்து வாளெடுத்தான். காடுகளில் படை திரட்டினான். பல்லவர் எல்லைக் காவலரை வென்றான். வனவாசியைத் தலைநகராகக் கொண்ட கதம்பர் அரசு அவ்வாறு தோன்றியது. படிக்க வந்த இடத்தில் நேர்ந்த இழிவு ஒரு நாட்டையே தோற்றுவித்தது என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. அக்கடிகையின் வாயில் அவனுக்குத் திறந்திருந்தது. நம் முன்னோர்க்குப் பள்ளி வாயிலே பன்னூறு ஆண்டுகள் மூடியிருந்தது என்பதும் உடன் எண்ணத் தக்கது.

பன்னிரண்டு வயதில் முடி சூடியவன்

பிறப்பே அரசுரிமைக்கு அடிப்படை என்பாருக்குக் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் விடை தருகிறது. கி.பி. 731ஐ ஒட்டி இரண்டாம் பரமேசுவரவர்மன் மாண்டபின், ஆட்சிக்கு உரிய நேர் வழியினர் இல்லாமற் போயினர். அமைச்சரும் நகரத்தாரும் குடிகளின் தலைவரும் கூடிப் பேசி, சிம்மவிட்டுணுவின் தம்பி வழியில் வந்த இரணியவர்மனிடம் சென்று, நாட்டை ஏற்க ஒருவரைத் தருமாறு வேண்டினர். அவன் மூத்த மைந்தர் மறுத்துவிட, பன்னிரண்டே வயதான இளையவன் முன்வந்தான். தந்தை தயங்கியும் அவன் புறப்பட்டான். அவனே இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன். இந்நிகழ்ச்சிகள் அக்கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டு, கீழே தமிழில் விளக்கமும் எழுதப்பட்டுள்ளன.

அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட அதே நந்திவர்மன்தான், மேலே கூறிய காசாக்குடிச் செப்பேட்டை வெளியிட்டவன். தன்னைக் குடிகள் தேர்ந்ததை மறைக்காத அவனும், பிரமன் முதலாகக் குலமுறை எழுதுவித்தான். நிகழ்ந்தது ஒன்றாயினும், அதனைத் தாங்கி நிற்பதற்கு வேறொரு கதையும் அவனுக்குத் தேவைப்பட்டது. இங்குக் 'குடிகள்' எனப்பட்டோருள் ஏர் உழுதவனும் அடங்குவானா என்று வினவினால், கூடியவர் அமைச்சரும் நகரத்தாரும் தலைவருமே என்பதை மறக்கலாகாது.

கல்லைச் செதுக்கிய கைகள்

இனி நம் ஊர்ப் பக்கமே வருவோம். முதலாம் மகேந்திரவர்மன், மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் எடுத்ததாகப் பெருமையுடன் கூறிக்கொள்கிறான். அவன் காலத்துக் குடைவரை ஒன்று செங்கல்பட்டுக்கு அண்மையில் வல்லத்தில் இருக்கிறது. மகேந்திரனுக்கு அடியானாகிய வயந்தப்பிரியரேசரின் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம் இது என்று அங்குத் தமிழில் எழுதப்பட்டுள்ளது. பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளுள் மிகத் தொன்மையானவற்றுள் அது ஒன்று.

மகேந்திரன் மகன் முதலாம் நரசிம்மவர்மன். மாமல்லன் என்னும் பட்டம் பூண்டவன். 642ஐ ஒட்டி இரண்டாம் புலிகேசியை வென்று வாதாபி நகரைக் கைக்கொண்டவன். அவன் பெயரால் விளங்கும் மாமல்லபுரம், 1984ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அவனுக்குப் பின் வந்த இராசசிம்மன் கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலையும் எடுப்பித்தான்; 720ஆம் ஆண்டில் சீனப் பேரரசுக்குத் தூதும் அனுப்பினான்.

எடுப்பித்தான், குடைவித்தான் என்றே நாம் படிக்கிறோம். எடுத்தவர் யார், குடைந்தவர் யார்? மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் நிற்கும் பிடாரி இரதங்களையும் வலையன்குட்டை இரதத்தையும் சென்று பாருங்கள். பாறையின் முகத்தைச் சதுரம் சதுரமாகப் பகுத்து, இடையே உளியால் பள்ளம் வெட்டி, நடுவில் எஞ்சிய கட்டிகளைத் தட்டியெடுத்த தடம் இன்றும் தெரியும். மேலிருந்து கீழாகவே செதுக்கி வந்தனர் என்பதும் விளங்கும். ஒற்றைக் கல்லில் பிழை செய்தால் மாற்றுக் கல் இல்லை. அத்துணைக் கூர்மையுடன் பணி புரிந்த கைகள் அவை.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையின்மேல் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்பன அவற்றுள் சில. அங்குப் பணி செய்தோரின் பெயர்களாக அறிஞர் இவற்றைக் கொள்வர். உளி மழுங்கினால் தீட்டித் தரக் கொல்லன் இல்லாமல் கல்வேலை ஒரு நாளும் நடவாது. ஆதலின் சேமகனின் பெயர் அங்கிருப்பது பொருத்தமே. கோயிற் சுவரில் மன்னனின் பட்டப்பெயர்கள் நிறைந்திருக்க, உழைத்தோர் பெயர் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் கிடக்கிறது. அவர்கள் எக்குலத்தினர் எனத் தேடி உரிமை கொண்டாட நாம் முற்படவில்லை. உழைத்தவனுக்கும் பெயர் உண்டு, அதனை எழுதி வைக்கும் விருப்பமும் அவனுக்கு இருந்தது என்பதே நாம் அங்குக் கற்கும் பாடம்.

செங்கம் பகுதி நடுகற்களும் இதனையே கூறுகின்றன. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் மாண்ட எளிய வீரர்க்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. சிம்மவிட்டுணு, மகேந்திரவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளை அவை குறிப்பதால், அரசர் காலத்தைக் கணிக்கவே வரலாற்றறிஞர் அவற்றை நாடுகின்றனர். எடுத்தனூரில் உள்ள ஒரு நடுகல், தலைவன் வீழ்ந்தபின் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் மறவாமல் பொறித்திருக்கிறது.

ஏரியும் வரியும்

கோயிலினும் பெரிய பணி ஏரி வெட்டுதல். பாலாறு ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறன்று. மழை பெய்யும் சில திங்களில் வரும் நீரைத் தேக்கினாலன்றி இம்மண்டலத்தில் நெல் விளையாது. மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம், மாமண்டூரில் சித்திரமேக தடாகம், உத்திரமேரூரில் வயிரமேக தடாகம் எனப் பல்லவர் காலத்து ஏரிகள் அரசர் பெயராலும் பட்டத்தாலும் விளங்கின. கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகத்துக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் வெட்டப்பட்டதைக் கூறுகிறது. கரைக்கு மண் சுமந்தவர், மடை திறக்க நீரில் மூழ்கியவர், கோடையில் தூர் வாரியவர் எவர் பெயரும் அச்செப்பேட்டில் இல்லை.

ஆனால் அவர்களிடம் வாங்கிய வரிகள் செப்பேடுகளில் உள்ளன. தறிக்கு வரி, செக்குக்கு வரி, குயவன் தந்த குசக்காணம், கள்ளிறக்குவோன் தந்த ஈழப்பூட்சி, பொற்கொல்லன் தந்த தட்டுக்காயம் எனப் பட்டியல் நீள்கிறது. ஓர் ஊர் கொடையாக வழங்கப்பட்டபோது இவ்வரிகளை அரசன் பெறாது, கொடை பெற்றோரே பெறுமாறு விடப்பட்டது. உழைப்போனுக்கு வரி நீங்கவில்லை; வாங்குவோன் கை மட்டுமே மாறியது.

சோழர் ஆட்சியில் ஊரும் சேரியும்

850ஐ ஒட்டி விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றிச் சோழர் ஆட்சியை மீண்டும் நிறுவினான். அவன் மகன் ஆதித்தன், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்லவன் அபராசிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டோடு சேர்த்தான். திருக்கழுக்குன்றத்தில் உள்ள அவன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, முன்பு கந்தசிட்டன் அளித்து, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் காத்த கொடையைத் தானும் காப்பதாகக் கூறுகிறது. அரச குலம் மாறியது. நிலத்தின் உரிமை ஏற்பாடு மாறவில்லை. புதிதாக வந்த அரசன் பழைய ஏற்பாட்டைக் காப்பதையே தன் ஆட்சிக்குச் சான்றாகக் காட்டினான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை அறியாதார் இலர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்பன அமைந்தன. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது. பொதுப்பணத்தைக் காக்கும் இவ்விதி இன்றும் போற்றத் தக்கதே. நம் கழகம் போன்ற அமைப்புகளும் கைக்கொள்ளத் தக்கதே.

ஆயினும் குடத்தில் எவர் பெயர் விழும்? வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் உடையவன், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவன், வேதம் கற்றவன். ஒரு வேதமும் அதன் உரையும் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். நிலம், மனை, கல்வி ஆகிய மூன்றும் இல்லாதவன் பெயருக்கு அங்கு ஓலையே இல்லை. அம்மூன்றும் நம் மக்களுக்கு மறுக்கப்பட்டவை. மக்களாட்சியின் தொட்டில் என இதனைப் புகழ்வோர், அத்தொட்டிலில் யார் கிடந்தார் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதனை ஒளிவின்றிக் காட்டுகின்றன. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி விதிக்கப்படாத இடங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், கம்மாணசேரி, உழப்பறையர் இருக்கும் பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு எனத் தனித்தனியே குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரும் சேரியும் வேறாகிவிட்டன. 'தீண்டா' என்னும் சொல் அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்டது. உழுதவன் பெயரோடு உழவும் சேர்ந்தே எழுதப்பட்டிருப்பதை நாம் நெஞ்சில் பதிக்க வேண்டும். உழப்பறையர் என்றது அக்கல்வெட்டு. நாட்டின் களஞ்சியத்தை நிரப்பியவர் எவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஒரு பழங்கதை நிலமாகியது

குலமுறைக் கதைகள் பழைய செப்பேட்டோடு முடிந்துவிட்டன என எண்ணலாகாது. தொண்டை மண்டலத்தில் ஆதொண்டைச் சக்கரவர்த்தி கதை வழங்கி வந்தது. சோழன் மகனாகிய ஆதொண்டன் இங்கிருந்த குறும்பரை வென்று, காடு திருத்தி, வேளாளரைக் குடியேற்றினான் என்பது அக்கதை. அதில் பல்லவரே காணப்படவில்லை. ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவுரிமை பற்றிய ஆராய்ச்சி நடந்தபோது, எல்லிசு துரையின் மிராசு உரிமை நூல் 1818இல் அச்சாயிற்று; அவ்வாராய்ச்சியில் இக்கதையும் மிராசுதாரர் தொன்மைக்குச் சான்றாக இடம்பெற்றது. ஆதியில் குடியேறியவர் எவரோ அவருக்கே ஊர் நிலம் முழுதும் உரியது என்னும் வாதம் அதன்மேல் எழுந்தது.

அதன் பயனை அனுபவித்தவர் மிராசுதாரர். துன்பத்தை அனுபவித்தவர் நம் முன்னோர். தரிசு நிலம் கேட்டு ஒரு சேரிக்குடியானவர் மனுச் செய்தால், மிராசுதாரர்க்கே முன்னுரிமை. குடியிருந்த மனையும் மிராசுதாரருடையதே என்பதால், கூலி உயர்த்திக் கேட்டவரைக் குடிசையோடு வெளியேற்ற முடிந்தது. செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராயிருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்நிலையை அரசின்முன் வைத்தது. அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கவும், அது பிறர் கைக்கு மாறாதிருக்கவும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் கூறுவது அதுவே. அந்நிலங்களும் பல ஊர்களில் கை மாறின. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் சான் தாமசும் ஏழுமலையும் உயிர் நீத்ததை நாம் மறக்கவில்லை.

அரசனைப் பற்றிய ஒரு கதை, எவனுக்கு மனை உண்டு, எவனுக்கு இல்லை என்பதை முடிவு செய்தது. ஆதலின் வரலாறு பொழுதுபோக்கன்று. அதனைப் படிக்கத் தெரியாதவன் தன் வீட்டு மனையையும் இழப்பான்.

நாம் போற்றத் தக்க நிறுவனர்

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறுவோம். இன்ன அரசன் நம் முன்னோன் என்று நாம் கூறப் போவதில்லை. அவ்வாறு கூறுவது, பிரமனிடம் சென்று பிறப்பைத் தேடிய செப்பேட்டுப் புலவரைப் பின்பற்றுவதாகும். நம் பெருமைக்கு முடி வேண்டுவதில்லை. நாம் உழுத நிலமும் வெட்டிய ஏரியும் அதற்குப் போதும்.

அரசு நிறுவியோரைக் காட்டிலும் நாம் அறிய வேண்டிய நிறுவனர் இம்மாவட்டத்திலேயே தோன்றினர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி, இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே முகப்பில் ஏற்றினார். பொதுச் சாலையும் கிணறும் யாவர்க்கும் உரியவை என 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறச் செய்தார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. இராசா பள்ளி ஆசிரியராகப் பணி தொடங்கியவர். ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்க வேண்டுமென 1922இல் தீர்மானம் கொணர்ந்தவர். இவர்கள் குலமுறை எழுதவில்லை. எழுத்தையும் சட்டத்தையும் கொண்டு மூடிய வாயில்களைத் திறந்தனர்.

இளைஞர்களே! விடுமுறை நாளில் வல்லத்துக்குச் செல்லுங்கள். பூஞ்சேரிப் பாறையைக் காணுங்கள். திருக்கழுக்குன்றத்திலும் உத்திரமேரூரிலும் சுவரில் உள்ளதைப் படிக்க முயலுங்கள். பழந்தமிழ் எழுத்தைச் சில திங்கள் முயன்றால் கற்றுவிடலாம். எந்தக் கல்வெட்டைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: இதில் உரிமை கோருபவன் யார்? இதற்கு உழைத்தும் வரி கொடுத்தும் தாங்கியவன் யார்? இதில் விடுபட்டவன் யார்? இவ்வினாக்களோடு படிப்பவரைப் பொய்யான பெருமையும் மயக்காது, பொய்யான இழிவும் தாக்காது.

கேவாத பெருந்தச்சனும் கொல்லன் சேமகனும் தம் பெயரைத் தாமே காண எழுதி வைத்தனர். நம் முன்னோருள் எண்ணற்றோர்க்கு அவ்வெழுத்தே மறுக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் செய்து வருவது, அவ்வெழுத்தை நம் பிள்ளைகள் கையில் சேர்க்கும் பணியே. அப்பணி இனியும் தொடர்க. அடுத்த இருபத்தைந்தாம் ஆண்டு மலரில், இம்மண்டலத்துக் கல்வெட்டுகளைத் தாமே படித்தெழுதிய நம் பிள்ளைகளின் கட்டுரைகள் இடம்பெறுக.